பழைய பானைக்குப் புதுச் சட்டை!



உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். போன பொங்கலுக்கு வாங்கிய பானை, விரிசல் விட்ட தண்ணீர்ப் பானை, வாய் உடைந்த சட்டி என்று ஏதாவது ஒன்று மூலையில் கிடக்கும். 'தூக்கிப் போட்டால் மண்ணோடு மண்ணாகி விடும்' என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை!

சூளையில் வெந்த மண் மறுபடி களிமண் ஆகாது. சிவகங்கை மாவட்டம் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளே இதற்குச் சாட்சி. கீழடியின் காலம் கி.மு. 6-ம் நூற்றாண்டு வரை செல்கிறது என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. அங்கே கிடைத்த ஓடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். பானையில் கைவண்ணம் காட்டும் ஆசை அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள்!

இவ்வளவு காலம் உழைக்கும் பொருளைக் குப்பையில் போடலாமா? வண்ணம் தீட்டி வீட்டை அழகாக்குவோம், வாருங்கள்.

எந்தப் பானை வேண்டும்?

இதில்தான் நான் சிறு வயதில் ஏமாந்தேன். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, ஆச்சியை மகிழ்விக்க அவருடைய தண்ணீர்ப் பானைக்குப் பளபளவென்று பச்சை பெயின்ட் அடித்து வைத்தேன். வாசம் போகட்டும் என்று நான்கு நாள் வெயிலில் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். மத்தியானம் ஒரு வாய் குடித்த ஆச்சி, "என்னடா, தண்ணி ஜில்லுன்னே இல்லையே!" என்றார்.

காரணம் என்ன தெரியுமா? மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. நான் அத்தனை துளைகளையும் அடைத்துவிட்டேன்! ஆச்சி திட்டவில்லை. புதுப்பானை வாங்கிக்கொண்டு, பச்சைப் பானையைத் திண்ணையில் குடை வைக்க எடுத்துக்கொண்டார். ஆனாலும் நல்ல பானை ஒன்று என்னால் வீணானது.

எனவே, தண்ணீருக்கோ சமையலுக்கோ பயன்படும் பானையைத் தொடவே கூடாது. விரிசல் விட்டது, ஒழுகுவது, கரி பிடித்தது... இவைதான் நமக்கு வேண்டும்.

தேவையானவை

பழைய பானை, தேங்காய் நார், உப்புத்தாள், தண்ணீர் கலந்து பூசும் வெள்ளை பிரைமர், அக்ரிலிக் வண்ணங்கள், பிரஷ், நூல், பென்சில், காது குடையும் பட்ஸ்.

செய்முறை

1. பானையைத் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்; துளைகளுக்குள் புகுந்துகொள்ளும்.

2. இரண்டு, மூன்று நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. இரவில் பானையை பாலிதீன் பையால் மூடிக் கட்டுங்கள். காலையில் பையின் உள்பக்கம் நீர்த்துளி பூத்திருந்தால், இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தின் மேல் பூசினால் வண்ணம் தோல் தோலாக உரிந்துவிடும்.

3. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். தூசியைத் துடைத்துவிட்டு பிரைமர் பூசுங்கள். இதைப் பூசாவிட்டால் பானை வண்ணத்தை 'மடக் மடக்' என்று குடித்துவிடும்!

4. பிரைமர் காய்ந்ததும் பிடித்த வண்ணத்தை முழுவதும் பூசுங்கள். செங்காவி நிறம் பூசினால் வெள்ளைக் கோலம் எடுப்பாகத் தெரியும்.

5. இனி கோலம். உருண்டைப் பானையில் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைப்பது எப்படி? பானையின் வயிற்றைச் சுற்றி நூலை அளந்து வெட்டுங்கள். அதை மூன்று முறை இரண்டிரண்டாக மடித்தால் 8 சம பாகம் கிடைக்கும். மடிப்புகளில் பென்சிலால் குறியிட்டு, நூலை மறுபடி சுற்றிப் பானையில் அடையாளம் வையுங்கள். பட்ஸை வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் அழகான புள்ளி ரெடி! புள்ளிகளை இணைத்துக் கோலமோ, மாவிலைத் தோரணமோ வரையலாம்.

எங்கே வைக்கலாம்?

பெரிய பானையில் குடை, உருட்டிய சார்ட் பேப்பர். சின்னக் கலயத்தில் பென்சில், பேனா. வாசல் மூலையில் காய்ந்த பூங்கொத்து. செடி வைக்க ஆசையா? நேரடியாக மண்ணைக் கொட்டாதீர்கள். உள்ளிருந்து வரும் ஈரம் வண்ணத்தைத் தள்ளிவிடும். சிறிய பிளாஸ்டிக் தொட்டியில் செடியை நட்டு, அதைப் பானைக்குள் இறக்கி வையுங்கள்.

உஷார்!

பரணில் கிடக்கும் பழைய பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். அதில் உடலுக்குக் கெடுதலான ஈயம் அதிகம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டு பெயின்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு வந்தது 2017 நவம்பரில்தான். உடைந்த விளிம்பு கையைக் கிழிக்கும். அதைத் தேய்க்கும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

முடித்ததும் பானையின் அடியில் உங்கள் பெயரையும் ஆண்டையும் எழுத மறக்காதீர்கள். கீழடியில் ஆதனின் பெயர் நிலைத்தது போல, உங்கள் பெயரும் இருக்கட்டுமே!