சாப்பாட்டுப் பெட்டியோடு பத்தொன்பது நாள்



போன கிழமை எபிசோட்டில் லேஓஃப் பற்றிக் கதைக்கும்போது, "எனக்கும் 2023இல நடந்தது, பிறகு சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு நைசாகக் கழன்றுவிட்டேன். உங்களில் கனபேர் "அந்தக் கதை எங்க அக்கா?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். மைக்குக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும்போல கிடக்கு.

2023 ஜனவரி. அந்த ஒரு மாதத்திலேயே கூகிள் 12,000 பேரையும் மைக்ரோசொஃப்ட் 10,000 பேரையும் எடுக்கப்போவதாக அறிவித்தது ஞாபகம் இருக்கும்தானே. நான் இருந்தது மிகச் சின்ன கொம்பனி. அங்கே நாலு வருஷமும் இரண்டு மாதமும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.15க்குக் கலண்டரில் பதினைந்து நிமிட மீட்டிங் ஒன்று வந்து விழுந்தது. உள்ளே போனால் மனேஜரோடு எனக்குத் தெரியாத ஒரு பெண்மணியும் இருந்தா. அவவின் முகத்தைப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. 9.26க்கு லப்டொப் தானாகப் பூட்டிக்கொண்டது. ஸ்லாக்கும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. நாலு வருஷம் நாளுக்கு எட்டு மணித்தியாலம் கதைத்த ஆட்கள், ஆனால் என் ஃபோனில் இரண்டு பேரின் நம்பர்தான் இருந்தது.

இதை வாசிக்கிற எல்லோரும், வேலை நன்றாக இருக்கிறவர்களும்தான், இன்றைக்கே உங்கள் அணியில் ஐந்து பேரின் நம்பரை வாங்கி வையுங்கோ. சம்பளச் சிட்டைகளையும், சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் பிரதியையும் வீட்டில் வைத்திருங்கோ. கொம்பனியின் கோட் ஒரு வரிகூட எடுக்காதீர்கள், அது வேற வில்லங்கம்.

கீழே அம்மா கிச்சினில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தா. நான் அறைக்குள் இருந்து யோசித்ததெல்லாம் வேலையைப் பற்றி அல்ல. வீட்டு மோர்கேஜில் அப்பாவின் பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது. அது மாறும் வட்டி. 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடா வங்கியின் வட்டி, அந்த ஜனவரி 25ஆம் திகதி 4.5க்கு வந்தது. போதாக்குறைக்கு அந்த நேரம் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அனுப்பிய குறிப்பில் சாதகத்துக்கு அடுத்த வரி "சொஃப்ட்வெயர் எஞ்சினியர்". அந்த வரியை இப்ப எப்படி அழிக்கிறது?

அதனால் பொய் சொன்னேன். "இனிக் கிழமைக்கு ஐந்து நாளும் ஒஃபிசுக்கு வரச் சொல்லீட்டாங்கள் அம்மா." அடுத்த நாள் காலமை ஏழு மணிக்கு அம்மா சோறு, பருப்பு, மீன் பொரியல் கட்டித் தந்தா. நான் ஸ்காபரோவிலேயே சீடர்ப்ரே நூலகத்துக்குப் போனேன். அது திறக்கும்வரை காருக்குள்.

நூலகத்தில் எங்கட ஐயாமார் சிலர் நாளாந்தம் வந்து பேப்பர் பார்ப்பினம். மூன்றாம் நாள் ஒருவர், "பிள்ளை என்ன படிக்கிறீங்கள்?" என்று கேட்டார். "மாஸ்டர்ஸ் ஐயா" என்றேன். அதுக்குப் பிறகு நான் வந்தால் ஜன்னலோரக் கதிரையை எனக்கு விட்டுவிடுவார். அவருக்குச் சொன்ன பொய்தான் இப்பவும் கூடக் குத்துகிறது, ஏன் என்று தெரியாது. மத்தியானம் காருக்குள் போய், ஹீட்டரைப் போட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பேன். மீன் மணம் சீற்றில் ஏறிவிட்டது.

சரி, காசுக் கதைக்கு வருவம். வீட்டில் இதைச் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகள் நாங்கள்.

கொம்பனி ஆறு கிழமைச் சம்பளம் தருவதாகக் கடிதம் அனுப்பி, ஒரு கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொன்னது. வெட்கத்தில் அன்று பின்னேரமே போட இருந்தேன். நம்பர் இருந்த அந்த இரண்டு பேரில் ஒருத்தி, "லோயரிட்டக் காட்டாமல் தொடாத" என்று கத்தினாள். ஒன்ராறியோ வேலைச் சட்டம் சொல்வது ஆகக் குறைந்த தொகை மட்டும்தான்: வேலை செய்த ஒரு வருஷத்துக்கு ஒரு கிழமை, ஆகக்கூடியது எட்டு. என் கணக்குக்கு நாலு. ஆறு தருகிறார்களே, நல்ல மனுசர் என்று நான் நினைத்தேன். ஆனால் ஒப்பந்தம் அதைச் சரியாகத் தடுத்திருக்காவிட்டால் நீதிமன்றங்கள் பார்ப்பது அதற்கு மேலே. 1960இல் வந்த பார்டல் தீர்ப்பிலிருந்து உங்கள் வயது, எத்தனை வருஷம் இருந்தீர்கள், என்ன பதவி, அதே மாதிரி வேலை வெளியில் கிடைக்குமா என்று பார்த்துத்தான் கணக்கு. லோயர் ஒரு கடிதம் போட்டா. ஆறு பதினொன்றானது. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. என் ஒப்பந்தம் அரைகுறையாக எழுதியிருந்தது என் அதிர்ஷ்டம். லோயருக்குக் காசு இல்லை என்று பயந்தால், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் முப்பது நிமிடம் வரை இலவசமாகக் கதைக்கலாம்.

மருந்து, பல் காப்புறுதி எந்தத் திகதியில் நிற்கிறது என்று கட்டாயம் கேளுங்கோ. நான் கேட்டதால் இரண்டு பல்லைத் திகதிக்கு முதலே அடைத்தேன்.

அடுத்தது ஈ.ஐ. வேலை போய் நாலு கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கொம்பனி ஆர்.ஓ.ஈ. அனுப்பவில்லை என்று காத்திருக்கத் தேவையில்லை. சராசரிச் சம்பளத்தில் 55 வீதம், ஆனால் ஒரு உச்சி உண்டு. 2023இல் அது கிழமைக்கு 650 டொலர், அதிலும் வரி பிடிப்பார்கள். அப்போது இருந்த விதிப்படி, கொம்பனி தந்த பதினொரு கிழமைக் காசு முடிந்து, காத்திருக்கிற ஒரு கிழமையும் போன பிறகுதான் எனக்குக் காசு தொடங்கியது. ஆனாலும் முதலே போட்டதில் ஒரு நன்மை. காசு நிற்கிற நாளையும் வருகிற நாளையும் பார்த்து, ஒரு கட்டணத்தையும் தவறவிட முதலே வங்கிக்கு ஃபோன் எடுத்தேன். தவறவிட்ட பிறகு கதைத்தால் அவர்களின் குரலே வேற.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. ஈ.ஐ.க்குப் போட்டால், இரண்டு கிழமைக்கு ஒருக்கா அறிக்கை கொடுக்கிறதுக்கு ஒரு ரகசிய இலக்கத்தை அரசாங்கம் தபாலில் அனுப்பும். வீட்டுக்கு.

பத்தொன்பதாம் நாள் பின்னேரம் வீட்டுக்குள் வர, அப்பா மேசையில் இருந்தார். முன்னால் சேர்விஸ் கனடா கடிதம், உடைக்கவில்லை.

"இது யு.ஐ. கடிதம் எல்லோ?"

அப்பாவுக்கு அது இன்னும் யு.ஐ.தான். 1996இல் பெயர் மாறியது அவருக்குக் கணக்கில்லை. எனக்குக் கால் நடுங்கியது. அவர் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சாப்பாட்டை எங்க வைச்சுச் சாப்பிட்டனீ?"

"காருக்குள்ள."

"இந்தக் குளிருக்கையோ?"

அவ்வளவுதான். நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். அப்பா தேத்தண்ணி போட்டு நான் கண்டதே குறைவு, சீனி அள்ளிப் போட்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: 1991இல் அவர் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையை மூடினார்களாம். ஐந்து மாதம் வேலை இல்லை. ஊரில் அப்பம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று சீட்டெடுத்து, மாதாமாதம் உண்டியலில் காசு அனுப்பினாராம். "வேலை நல்லாப் போகுது எண்டு எழுதினனான்." அந்தச் சீட்டுக் கடன் முடிய இரண்டு வருஷம் எடுத்ததாம். அம்மாவுக்கே அன்றுதான் தெரியும். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்ல?" என்று என் பிரச்சினையை விட்டுவிட்டு அவருடன் சண்டை தொடங்கிவிட்டா.

பிறகு எனக்கு, "ஒருத்தருக்கும் மூச்சு விடாத" என்றா. ஒரு மணித்தியாலத்துக்குள் பெரியம்மாவுக்கு ஃபோன் எடுத்து முழுக்கச் சொல்லியாச்சு. கோபம்தான் வந்தது. ஆனால் பெரியம்மாவின் பக்கத்து வீட்டு அண்ணா ஒருவர் அடுத்த நாளே ஃபோன் எடுத்து, ஒவ்வொரு வியாழனும் என்னை இன்டர்வியூ மாதிரிக் கேள்வி கேட்டுப் பழக்கினார். அவர் கொம்பனியில் ஆள் எடுக்கவில்லை, சும்மா உதவிதான். சம்பந்தம் நின்றுவிட்டது. காரணம் வேலைதானா என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எல்லாம் அதோடு சுகமாகிவிடவில்லை. ஏப்ரல், மே மோசம். ராத்திரி இரண்டு மணிக்கு விண்ணப்பம் போடுவேன், காலையில் எழும்பப் பிடிக்காது. லிங்க்ட்இன்னில் அந்தப் பச்சை வளையத்தைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தேன். உங்களுக்கு யோசனை அப்படி இருட்டான பக்கம் போனால், கனடாவில் இப்ப 9-8-8 இருக்கிறது, எந்த நேரமும் எடுக்கலாம், மெசேஜும் பண்ணலாம். 2023 நவம்பர் கடைசியில்தான் தொடங்கினார்கள். எனக்கு அப்ப இருந்தது அப்பாவின் நடை. பின்னேரம் ஐந்து மணிக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். "வா" என்றும் சொல்லமாட்டார். போனால் ஒரு மணித்தியாலம், கதை பேச்சு இல்லை.

புது வேலை ஓகஸ்டில் கிடைத்தது. பழைய அணியின் வட்ஸ்அப் குரூப்பில் வந்த தகவல்தான். சம்பளம் முந்தியதைவிடக் குறைவு. முதல் நாள் போகமுதல் நூலகத்துக்குப் போய் அந்த ஐயாவுக்கு உண்மையைச் சொன்னேன். சிரித்தார். "அது எனக்குத் தெரியும் பிள்ளை. மாஸ்டர்ஸ் படிக்கிற பிள்ளையள் இவ்வளவு வெள்ளன வராதுகள்."

இப்பவும் காரணம் எழுதாத பதினைந்து நிமிட மீட்டிங் வந்தால் எனக்கு வயிறு ஒருக்காப் பிரளும். போன மாதமும் ஒன்று வந்தது. மனேஜருக்குக் குழந்தை பிறக்கப்போகுதாம், அதைச் சொல்லக் கூப்பிட்டவர்.