ரோப் கார் ஓடாத நாளில் பழனிக்குப் போனோம்!

என் சின்ன வயசில், வீட்டில் ஆட்டுக்கல் கொத்துகிற நாளென்றால் இட்லி கிடையாது. கல் கொத்துகிறவர் வாசலில் உட்கார்ந்து டொக் டொக்கென்று கொத்திவிட்டுப் போவார். அதோடு முடிந்ததா? கல்லைக் கழுவி, தவிட்டைப் போட்டு ஆட்டி, கல்பொடி எல்லாம் போன பிறகுதான் அரிசி போட அம்மா விடுவார். அவசரமென்றால் பக்கத்து வீட்டு ஆட்டுக்கல்லுக்குப் போக வேண்டும். அங்கே நமக்கு முன்னால் இரண்டு பேர் சட்டியோடு நின்று கொண்டிருப்பார்கள்!

2024 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழனி மலை அடிவாரத்தில் கால் கடுக்க நின்றபோது எனக்கு அந்த ஆட்டுக்கல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

பேரனுக்கு முதல் மொட்டை. பவானியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி ஈரோடு, காங்கயம், தாராபுரம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வண்டியில் மகள், மருமகன், பதினொரு மாதக் குழந்தை, தாய்மாமன் மடி வேண்டுமே என்று என் மகன், எங்க வீட்டுக்காரர், நான். அப்புறம் எழுபத்திரண்டு வயசு மாமியார். அவருக்கு இரண்டு முழங்காலும் வலி, சர்க்கரையும் உண்டு. "ரோப் கார்லே மூணே நிமிஷம், மேலே போயிடலாங்க அத்தை" என்று நான்தான் தைரியம் சொல்லிக் கூட்டிப் போனேன்.

மொட்டை எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அடுத்து ரோப் கார் எந்தப் பக்கம் என்று பூக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"ரோப் கார் இப்ப ஓடறதில்லைங்களே அம்மிணி! வேலை நடக்குதுங்க. பேப்பர்லே போட்டிருந்தாங்களே, பாக்கலீங்களா? வின்ச்சுக்குப் போங்க."

பார்க்கவில்லை. மொட்டைக்கு நாள் பார்த்தோம், நேரம் பார்த்தோம், கிடா வெட்டு விருந்துக்குக்கூட இப்போதே ஆள் சொல்லி வைத்தோம். ரோப் கார் ஓடுகிறதா என்று ஒரு வார்த்தை விசாரிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தப்பு எங்களுடையதுதான்.

வரிசையில் நடந்தது

மகனும் மருமகனும் "நாங்க படியிலே ஏறிடறோம்" என்று போய்விட்டார்கள். படிகள் 693. இளவட்டத்துக்கு அது பெரிய காரியமில்லை. நாங்கள் வின்ச் வரிசையில் நின்றோம். ரோப் காரில் போக வேண்டிய வயசானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் எல்லாரும் அங்கேதான். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, இரண்டும் தாண்டியது.

மாமியார் திடீரென்று என் தோளைப் பிடித்தார். கை நடுங்குகிறது, நெற்றியெல்லாம் வியர்வை. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டிருக்கிறார். ஆனால் சாமி கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு என்று எங்களிடம் சொல்லாமலே பட்டினி இருந்திருக்கிறார். "வரிசையிலே நிக்கறப்ப ஒண்ணுக்கு வந்தா எங்க கண்ணு போறது?" என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

முன்னால் நின்ற தாராபுரத்துப் பெண் ஒருத்தி பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து, தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்தாள். அப்புறம் பிஸ்கெட். கால் மணி நேரத்தில் அத்தைக்கு முகம் தெளிந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும்.

மேலே இன்னொரு கூத்து. பழனி கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் செல்போன் கொண்டு போகக் கூடாது. பையன்கள் போனைக் கீழேயே ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கே சந்திப்பது என்று பேசி வைக்கவில்லை. அவர்கள் எங்களைத் தேட, நாங்கள் அவர்களைத் தேட, குழந்தை பசியில் அழ... தரிசனம் ஆவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

எதற்காக இத்தனை நாள் நிறுத்துகிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம்தான். "ஒரு கம்பியும் நாலு பெட்டியும்! அதைப் பார்க்க நாற்பது நாளா?" என்றேன். அப்புறம் விசாரித்து, படித்துத் தெரிந்து கொண்டபோது கோபம் போய்விட்டது.

பழனியில் முதல் வின்ச் 1966-ல் வந்தது. தண்டவாளத்தின் மேல் பெட்டியை இரும்பு வடம் இழுத்துப் போகும். மேலே போக சுமார் எட்டு நிமிஷம். ரோப் கார் 2004-ல் வந்தது. அது அந்தரத்தில் தொங்கிக் கொண்டு போவது. தினமும் ஒரு மணி நேரம், மாதத்தில் ஒரு நாள், வருஷத்தில் ஒரு மாதம் என்று அதற்குப் பராமரிப்பு விடுமுறை உண்டு. வருஷப் பராமரிப்பு சில சமயம் நீளும். 2023-ல் ஆகஸ்டில் தொடங்கி 50 நாள் என்றார்கள். 2024-ல் அக்டோபரில் தொடங்கி 40 நாள்.

அந்தரத்தில் ஓடுகிற சாதனத்துக்கு உயிர் அந்த இரும்பு வடம்தான். வெளியே பளபளவென்று இருக்கும்; உள்ளே இழை அறுந்திருக்கலாம், துருப்பிடித்திருக்கலாம். வடத்தைத் தாங்குகிற சக்கரங்கள், அவற்றின் பேரிங்குகள், பிரேக், பெட்டியை வடத்தோடு சேர்க்கிற பிடிகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, தேய்ந்ததை மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு உடனே ஆளை ஏற்ற மாட்டார்கள். பெட்டிகளில் ஆட்களுக்குப் பதிலாக எடையை வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஆட்டுக்கல்லில் முதலில் தவிடு போட்டு ஆட்டினோமே, அதே கதைதான்!

இதிலே அவசரம் கூடாது என்பதற்குப் பழனியே சாட்சி. 2007-ல் இதே ரோப் கார் விபத்தில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். 2022 ஏப்ரலில் ஜார்க்கண்ட் மாநிலம் தேவ்கர் பக்கத்தில் திரிகூட மலை ரோப் கார் விபத்தில் மூன்று பேர் போனார்கள். பலர் ராத்திரி முழுக்க அந்தரத்தில் தொங்கினார்கள். அதைப் படித்த பிறகு, வரிசையில் நின்ற இரண்டரை மணி நேரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கூட்டம் எங்கே போகிறது?

ஒரு சாதனத்தை நிறுத்தினால் அதற்கு வந்த கூட்டம் வீட்டுக்குத் திரும்பிப் போகிறதா? இல்லை. பக்கத்து வரிசைக்குப் போகிறது. தெருவில் இரண்டு குழாய் இருந்து ஒன்று கெட்டுப் போனால் என்ன ஆகிறது என்று நமக்குத்தான் தெரியுமே! "ஒன்றுக்கு இரண்டு மடங்குதானே காத்திருக்க வேண்டும்" என்று கணக்குப் போட்டால் தப்பு. நிமிஷத்துக்குப் பத்துக் குடம் வருகிற இடத்தில் எட்டுக் குடம்தான் பிடிக்க முடியுமென்றால், நிமிஷத்துக்கு இரண்டு குடம் பாக்கி. ஒரு மணி நேரத்தில் 120 குடம் சேர்ந்துவிடும்! காலை ஆறு மணிக்கு வருகிறவள் பிடித்துக் கொண்டு போய்விடுவாள். பதினொரு மணிக்கு வருகிறவள் தலையில்தான் காலையிலிருந்து சேர்ந்த பாக்கியெல்லாம் விழும். நாங்கள் போய் நின்றது பதினொரு மணிக்கு!

இன்னொன்றும் கவனித்தேன். படியேறத் தெம்புள்ளவர்கள் ஏறிப் போய்விடுகிறார்கள். மிச்சம் நிற்பது யார்? முழங்கால் வலிக்காரர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள். நிற்க முடியாதவர்கள்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

பொழுதுபோக்குப் பூங்காவிலும் இதே கதைதான்

லீவு விட்டால் நம் பக்கத்துப் பிள்ளைகள் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குக் கூட்டிப் போ என்று உயிரை எடுக்கிறார்கள். பெரிய ராட்டினம், சறுக்கு என்று எந்தப் பூங்காவிலும் எல்லாரும் ஓடுகிற விளையாட்டு ஒன்றிரண்டுதான். அதில் ஒன்று பழுது பார்ப்பில் இருந்தால் அந்தக் கூட்டம் மற்றவற்றின் மேல் சாயும். டிக்கெட் என்னவோ வாசலிலேயே வாங்கியாயிற்று!

வெளிநாடுகளில் இதை வருஷக் கணக்கில் செய்கிறார்கள். ஜப்பானில் டோக்கியோ டிஸ்னிலாந்தின் 'ஸ்பேஸ் மவுண்டன்' என்ற பெயர் பெற்ற ரயில் விளையாட்டை 2024 ஜூலை 31-ஓடு மூடினார்கள்; புதிதாகக் கட்டித் திறப்பது 2027-ல் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் புளோரிடா டிஸ்னி பூங்காவின் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' தண்ணீர்ச் சறுக்கை 2023 ஜனவரியில் மூடி, வேறு பெயரில் 2024 ஜூனில் திறந்தார்கள். மூடப் போகிறார்கள் என்றதும் "கடைசியாக ஒரு தடவை" என்று கூட்டம். திறந்ததும் "முதல் தடவை" என்று கூட்டம்!

அங்கே எது எந்தத் தேதியில் ஓடாது என்பதை முன்கூட்டியே பட்டியல் போட்டு விடுகிறார்கள். நம் பழனியிலும் முன்னாலேயே அறிவிக்கத்தான் செய்கிறார்கள். பார்க்க வேண்டியது நாம்தான்.

சோதனை ஓட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊர் உதாரணமும் உண்டு. 2016 மே மாதம் சென்னை தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தா பூங்காவில் புது ராட்டினத்தைச் சோதனை ஓட்டம் விட்டபோது விபத்து நேர்ந்து ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். ஆகவே "வேலை நடக்கிறது" என்று கயிறு கட்டியிருக்கிற இடத்தில், "பிள்ளை அழுகிறான், ஒரு சுற்று விடப்பா" என்று கெஞ்சவே கூடாது.

கிளம்புமுன் கவனியுங்கள்

1. தேதி குறிக்குமுன் ரோப் கார் ஓடுகிறதா என்று கோயில் அறிவிப்பைப் பாருங்கள். மாதப் பராமரிப்பு நாளையும் கேளுங்கள். பலமான காற்றிலும் மழையிலும் இடையில் நிறுத்துவார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமென்றால் ரோப் கார் எந்த மூலைக்கு!

2. பராமரிப்புக் காலத்தில் போய்த்தான் ஆக வேண்டுமென்றால் ஞாயிறு, கிருத்திகை, சஷ்டியைத் தவிர்த்து, வார நாளில் விடிந்ததும் வரிசைக்குப் போய்விடுங்கள். திறந்த முதல் வாரமும் கூட்டம்தான்.

3. சர்க்கரை உள்ளவர்களைப் பட்டினி போடாதீர்கள். மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் கண்டால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் முதலுதவிக்குக் கொண்டு போங்கள்.

4. தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், சிறுநீரை அடக்குவதும் பெண்களுக்கு ஆகாது. வரிசைக்குள் போகுமுன் கழிப்பறை போய் வாருங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

5. மொட்டையடித்த குழந்தைக்கு மெல்லிய பருத்தித் தொப்பி போடுங்கள். வரிசையில் நுழையுமுன் வயிறு நிறையப் பால் கொடுத்துவிடுங்கள்.

6. படியிலே ஒரு கூட்டம், வின்ச்சிலே ஒரு கூட்டம் என்று பிரிந்தால், எங்கே எத்தனை மணிக்குச் சேர்வது என்று கீழேயே பேசி முடியுங்கள். மேலே போன் கிடையாது!

7. கிரிவீதியில் 2024 முதல் சொந்த வண்டிகளுக்கு அனுமதியில்லை. நடக்க முடியாதவர்களை எப்படி அழைத்துப் போவது என்று முன்பே விசாரித்துக் கொள்ளுங்கள்.

8. இருதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் "வரிசை பெரிசு, ஏறிடலாம்" என்று படியில் இறங்கிவிட வேண்டாம். முருகன் எங்கும் போய்விட மாட்டான். இன்னொரு நாள் வரலாம்.

9. பூங்காவுக்குப் போவதானால், எது ஓடாது என்பதைக் கேட்டு, வீட்டிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வாசலில் சொன்னால் அழுகை. வீட்டில் சொன்னால் முணுமுணுப்போடு போகும்.

அடுத்த தையில் மறுபடியும் பழனிக்குப் போனோம். இந்தத் தடவை ஓடுகிறதா என்று முதலில் கேட்டது யார் தெரியுமா? என் மாமியார்! காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, மடியில் ஒரு சர்க்கரைப் பொட்டலமும் முடிந்து கொண்டு வந்தார். பெட்டி மேலே கிளம்பியதும் என் கையை இறுகப் பிடித்துக் கொண்டு, வடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நாற்பது நாள் பாத்துப் பாத்துத்தானே கண்ணு செஞ்சிருக்காங்க. பயமில்லே" என்றார்.