முதுகைக் காட்டிச் சூரியனைப் பார்!

அழகர்கோவிலுக்குப் போகிறவர்கள் என்னென்ன எடுத்துச் செல்வார்கள் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். தேங்காய், பழம், மலைமேல் ஏறி நூபுர கங்கையில் நீராடுவதாயிருந்தால் ஒரு மாற்று வேஷ்டி, இவ்வளவையும் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவதற்கு ஒரு கைத்தடி. ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை நாம் குடும்பத்தோடு புறப்பட்டபோது, இவற்றுடன் நீண்ட அட்டைப் பெட்டி ஒன்றும் வண்டியில் ஏறியது.

பெட்டிக்கு உரியவன் நம் தமையனார் மகன். வயது பன்னிரண்டு. வகுப்பில் முதலாவதாக வந்ததற்காக அவனுக்குக் கிடைத்த பரிசு, தபாலில் வந்த ஒரு தொலைநோக்கி. தூரதிருஷ்டிக் கண்ணாடி என்று நம் பாட்டனார் காலத்தில் சொல்வார்களே, அதுதான். முன்பக்கத்துக் கண்ணாடியின் விட்டம் 60 மில்லிமீட்டர். விலையும் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியதுதான். சந்திரனில் உள்ள பள்ளங்களை முதல் வாரத்திலேயே பார்த்து முடித்துவிட்டான். அடுத்தது சூரியன். பெட்டியோடு கூடவே காசளவில் ஒரு கறுப்புக் கண்ணாடி வந்திருந்தது. கண் வைக்கும் வில்லையில் அதைத் திருகிக்கொண்டால் சூரியனைத் தாராளமாகப் பார்க்கலாம் என்று உடன்வந்த காகிதத்தில் அச்சிட்டிருந்தது. அச்சிட்டதெல்லாம் வேதவாக்கு என்று நம்பும் வயது அவனுக்கு. நமக்கும் அந்தப் பழக்கம் முற்றிலும் போய்விடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பதினெட்டாம்படிக் கருப்பரை வணங்கி, பெருமாளையும் சேவித்துக்கொண்டு வெளியே வந்தோம். பழைய கோட்டைச் சுவரருகே மரநிழலில் பெண்டிர் இளைப்பாற, பையன் வெட்டவெளியில் குழாயை நிறுத்திக் கறுப்புக் கண்ணாடியைத் திருகினான். குனிந்து கண்ணை வைக்கப் போன தருணத்தில், "தம்பி, நில்!" என்று ஓர் அதட்டல் கேட்டது.

இலை செய்த உபதேசம்

அதட்டியவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். விரைந்து வந்து குழாயின் வாயை முதலில் கையால் மூடினார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துவிட்டு, தரையிலிருந்து ஒரு சருகைப் பொறுக்கினார். கண் வைக்கும் இடத்துக்கு நேரே, நாலு விரற்கடைக்குள், அந்தச் சருகைக் காட்டிக்கொண்டு குழாயைச் சூரியனை நோக்கித் திருப்பினார். வெளிச்சம் ஒரு பொட்டாகக் குவிந்தது. சிறிது நேரத்தில் சருகு கருகிப் புகைந்தது.

"இந்த இடத்தில்தானே உன் கண் இருந்திருக்கும்?" என்று கேட்டார்.

பையன் பதில் சொல்லவில்லை. நமக்கும் வாய் அடைத்துப்போய்விட்டது.

அதற்குக் கணக்கையும் அவரே சொன்னார். நல்ல வெயிலில் நம் கண்ணின் பாவை சுருங்கி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். 60 மில்லிமீட்டர்க் கண்ணாடி அதைப்போல் முப்பது மடங்கு அகலம். பரப்பில் தொள்ளாயிரம் மடங்கு. அவ்வளவு வெயிலையும் வாரிக் கொணர்ந்து ஒரு பொட்டில் சேர்ப்பதுதான் தொலைநோக்கியின் வேலை. அந்தப் பொட்டின் அருகிலே காசளவுக் கறுப்புக் கண்ணாடியை வைத்தால் அது கொதித்துப்போகும். எந்த நிமிஷமும் விரிசல் விடும். விரிசல் விட்ட மறுகணம் கண் போய்விடும். இத்தகைய கண்ணாடி எந்தக் குழாயோடு வந்தாலும் செய்யத்தக்கது ஒன்றே: யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி உடைத்துக் குப்பையில் எறிவது.

"அப்படி ஆபத்தானால் கண் வலிக்காதா, ஐயா? வலித்தால் உடனே எடுத்துவிடலாமே" என்றான் பையன்.

"விழித்திரைக்கு வலி தெரியாதப்பா. அதுதான் சூழ்ச்சி" என்றார் அவர். பிறகு தம் வலக் கண்ணைச் சுட்டிக் காட்டினார். 1980 பிப்ரவரி 16 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது அவருக்கு வயது பன்னிரண்டு. கர்நாடகம், ஆந்திரம் வழியாக முழு மறைப்பின் பாதை சென்றது. மதுரைப் பக்கத்திலும் சூரியனில் பெரும்பங்கு மறைந்தது. வீட்டார் கதவைச் சாத்தி உள்ளே இருக்க, இவர் மட்டும் புகை பிடித்த கண்ணாடித் துண்டோடு மாடிக்கு ஏறியிருக்கிறார். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் புத்தகத்தைப் பிரித்தபோது, பார்க்கும் எழுத்தின்மேல் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கறை நின்றது. பக்கத்து எழுத்துக்கள் தெரிந்தன. பார்க்கிற எழுத்து தெரியவில்லை. அந்தக் கறை இன்றும் நீங்கவில்லை.

"பயந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள், பயப்படாத நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது நான் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறேன்" என்றார்.

காசில்லாத காட்சி

அந்த மூன்றாவது வழியின் சாரம் இதுதான்: சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சூரியனைப் பார்க்க வேண்டும்.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டுமென்பதே இல்லை. நாம் நின்றிருந்த மரத்தடியில் வட்ட வட்டமாக வெயில் சிதறிக் கிடந்தது. இலைகளுக்கிடையே உள்ள இடுக்குகள் கோணலும் மாணலுமாயிருக்க, தரையில் விழும் வெயில் மட்டும் ஏன் வட்டமாயிருக்கிறது? ஒவ்வொரு வட்டமும் சூரியனுடைய பிம்பம் என்பதுதான் காரணம். 2019 டிசம்பர் 26 காலையில் கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பிரதேசங்களில் கங்கண கிரகணம் தெரிந்ததல்லவா? சூரியன் பிறையானபோது மரத்தடி வட்டங்களும் பிறைகளாயின. சூரியன் வளையமானபோது அவையும் வளையங்களாயின. ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால், 9 மில்லிமீட்டர் அகலத்தில் சூரிய பிம்பம் விழும். துளையின் வழியாகக் கண்ணை வைத்துப் பார்ப்பதல்ல. துளையின் வழியாக வந்து விழுவதைப் பார்ப்பது.

இரண்டாவது முறைக்குச் சிறு முகக்கண்ணாடியும் ஒரு பந்தும் வேண்டும. கண்ணாடியின்மேல் கறுப்புக் காகிதத்தை ஒட்டி, நடுவில் சுண்டுவிரல் நகத்தளவு துளை விட்டு, அதைப் பந்தின்மேல் பதித்துவிடுவது. பந்தை ஒரு வளையத்தில் அமர்த்தினால் எந்தப் பக்கமும் உருட்டித் திருப்பலாம். வெளியே வெயிலில் வைத்து, 25 மீட்டர் தொலைவிலுள்ள இருட்டறைச் சுவரின்மீது ஒளியைத் திருப்பினால், ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சூரியன் சுவரில் வந்து நிற்கும். வகுப்பு முழுவதும் ஏககாலத்தில் பார்க்கலாம். சுவரைத்தான் பார்க்க வேண்டும்; கண்ணாடியை எட்டிப் பார்க்கக் கூடாது.

மூன்றாவதுதான் நம் பையனுடைய குழாய். ஆசிரியர் அதன் பக்கத்திலிருந்த குறிபார்க்கும் சிறு குழாயை முதலில் மூடியிட்டு மூடினார். இல்லாவிட்டால் யாராவது குழந்தை அதில் கண் வைத்துவிடும். குழாயின் நிழலைத் தரையில் பார்த்தபடியே திருப்பினார். நிழல் குறுகிக் குறுகி வட்டமானவுடன், குழாய் சூரியனுக்கு நேரே நிற்கிறதென்று அர்த்தம். கண் வில்லைக்கு ஒன்றரை அடி பின்னால் வெள்ளை அட்டையைப் பிடித்து வில்லையைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்த, ஒரு சாண் அகலத்துக்குத் தெள்ளத் தெளிந்த சூரியன் அட்டையில் உதித்தான்!

அதே சமயத்தில் சுவரிலிருந்து குதித்த ஒரு வானரம் அட்டையைப் பறித்துக்கொண்டு போயிற்று. அது சூரியனைப் பழமென்று நினைத்ததோ என்னவோ. அதன் குலத்தில் அப்படி நினைத்தவர் முன்பே ஒருவர் உண்டு. வேறு அட்டை தேட வேண்டியதாயிற்று.

சில எச்சரிக்கைகளை ஆசிரியர் அழுத்திச் சொன்னார். இம்முறைக்கு 50, 60 மில்லிமீட்டர் அளவுள்ள, வில்லை பதித்த சிறு குழாய்களே ஏற்றவை. உள்ளே ஆடி வைத்த பெரிய குழாய்களில் வெப்பம் தேங்கிக் கருவி கெட்டுவிடும். பிளாஸ்டிக் கண் வில்லை உருகிப்போகும்; உலோகமும் கண்ணாடியுமாக இருக்க வேண்டும். இரண்டொரு நிமிஷத்துக்கு ஒருமுறை வாயை மூடிக் குழாயை ஆறவிட வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதை ஒரு கணமும் விட்டு அகலக் கூடாது.

குழாயின் உள்ளேயே நோக்க வேண்டுமென்று ஆசைப்படுவோர், அதற்கென்றே செய்து விற்கும் சூரிய வடிகட்டித் தகட்டை வாங்கிக் குழாயின் முன் வாயில், காற்றுக்கும் குரங்குக்கும் அசையாதபடி, இறுகக் கட்ட வேண்டும். அது சூரிய ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கையே உள்ளே விடும். ஒவ்வொரு முறையும் கட்டுவதற்கு முன், கீறலோ ஊசித்துளையோ உண்டா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அவசியம். கிரகணத்துக்கென்று விற்கும் காகிதக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொலைநோக்கியில் பார்ப்பது பேராபத்து. குவிந்த வெயில் அதைப் பொசுக்கிவிடும். எக்ஸ்ரே படம், புகைக் கண்ணாடி, பழைய பிலிம் எதுவும் வெறுங் கண்ணுக்கே உதவாது. தாம்பாளத்து மஞ்சள் நீரில் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உச்சி வெயிலில் தண்ணீர் ஐம்பதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. லட்சத்தில் ஒரு பங்கு எங்கே, ஐம்பதில் ஒரு பங்கு எங்கே?

கடுகும் மலையும்

புதிய அட்டையில் 15 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து, பிம்பத்தை அதற்குள் அடக்கினார் ஆசிரியர். இரண்டு இடங்களில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. தூசி என்று பையன் ஊதிப் பார்த்தான். புள்ளிகள் அசையவில்லை.

"இந்த வட்டத்தில் பூமியை வைத்தால் எவ்வளவு இருக்கும், தெரியுமா? ஒரு கடுகு. சூரியனுடைய குறுக்களவு பூமியைப்போல் 109 மடங்கு" என்றார் ஆசிரியர். நாம் பார்த்த பெரிய புள்ளி கடுகைவிடப் பெரிது! சுற்றுப்புறம் ஏறக்குறைய 5,500 டிகிரி வெப்பத்தில் ஜொலிக்க, காந்த சக்தியால் கட்டுண்ட அந்த இடம் அதைவிட ஆயிரத்துச் சொச்சம் டிகிரி குறைந்திருப்பதால் கறுப்பாய்த் தோன்றுகிறது. நாள்தோறும் அதே வேளையில் வட்டம் வரைந்து புள்ளிகளைக் குறித்துவந்தால், அவை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இரண்டு வாரத்தில் நகர்ந்து செல்வதைக் காணலாம். சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்பதைக் கலிலியோ 1612-இல் கண்டு சொன்னது இவ்விதம் வரைந்த படங்களைக்கொண்டுதான்.

ஏழைக் குழாயில் என்ன பெரிய சாஸ்திரம் நடந்துவிடும் என்று நினைப்பவர்கள், அழகர் மலைக்கு மேற்கே பழனி மலைத் தொடரை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை கொடிய பஞ்சம் வாட்டியது. மழை ஏன் பொய்த்தது என்று ஆராய்ந்தவர்கள், பருவமழையின் போக்கை அறியச் சூரியனையும் ஆராய வேண்டுமென்று கருதினார்கள். அதன் பலனாக, அக்காலத்தில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கோடைக்கானலில் 1899-இல் சூரிய ஆராய்ச்சிக் கூடம் பிறந்தது. சூரியப் புள்ளிகளின் மங்கலான ஓரத்தில் வாயுக்கள் வெளிப்புறமாகப் பாய்வதை எவர்ஷெட் என்பவர் 1909 ஜனவரியில் அங்கேதான் கண்டுபிடித்தார். உலகமெங்கும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனை அங்கே படம் பிடித்து வந்திருக்கிறார்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தப் படங்களை இன்று பல நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்கின்றனர். பின்னாளில் அவ்வேலைக்குப் பயன்பட்ட குழாயின் கண்ணாடி 15 சென்டிமீட்டர் அகலமே. கருவி பெரிதென்பதால் வந்த பெருமையல்ல. ஒரு நாளும் தவறாமல் பார்த்த பொறுமையால் வந்த பெருமை.

அந்தப் பொறுமையின் தொடர்ச்சியாகத்தான், 2023 செப்டம்பர் 2 அன்று பாரதத்தின் ஆதித்யா எல்-1 விண்கலம் புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் தன் இடத்தை அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநராயிருந்து நடத்தியவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அம்மையார். இதைக் கேட்டவுடன், அதுவரை மரத்தடியில் இருந்த நம் தமையனாரின் சிறிய பெண் எழுந்து வந்து, "நான் ஒரு தடவை வரையறேன்" என்று பென்சிலைக் கேட்டு வாங்கினாள்.

இன்னும் ஒரு நாள் வருகிறது

2031 மே 21 அன்று நண்பகல் கடந்த வேளையில் கங்கண கிரகணம் ஒன்று கேரளத்தைக் கடந்து தேனி, மதுரை, காரைக்குடி வழியாகச் செல்ல இருக்கிறது. உச்சி வானத்துக்கருகே சூரியன் நெருப்பு வளையமாக நிற்கும். அன்று மதுரைச் சீமையின் குழந்தைகள் என்ன செய்யப் போகிறார்கள்? சாத்திய கதவுக்குப் பின்னால் இருப்பார்களா? புகைக் கண்ணாடியோடு மாடி ஏறுவார்களா? அல்லது ஊருக்கு ஒரு குழாயும், வகுப்புக்கு ஒரு பந்துக் கண்ணாடியும், கைக்கு ஒரு துளையிட்ட அட்டையுமாக, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்களா?

நேயர்களே, இதற்கு விடை அன்றைய தினம் கிடைப்பதல்ல. இன்றைக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்கிவைத்தால் கிடைப்பது. கிரகணத்துக்காகக் காத்திராமல் குழந்தைகள் பழகிக்கொண்டால், கிரகணத்தன்று யாரும் அவர்களை அதட்ட வேண்டியதில்லை.

நாம் திரும்பும்போது பொழுது ஏறிவிட்டது. ஆசிரியர் விடைபெற்றுக்கொண்டு, படம் வரைந்த அட்டையைப் பையனிடம் கொடுத்தார். அதன் மூலையில் தேதியையும் மணியையும் குறிக்கச் சொன்னார். பையன் குறித்துக்கொண்டான். பிறகு சட்டைப் பையிலிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து ஒரு கல்லின்மேல் வைத்து, யாரும் சொல்லாமலே மற்றொரு கல்லால் நொறுக்கினான். துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து வண்டியில் ஏறினான்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது, வீட்டு மொட்டை மாடியில் குழாயின் நிழல் வட்டமாகக் குறுகியிருந்தது. அண்ணனும் தங்கையும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டாவது வட்டத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவர்கள் தாயார் காவலுக்கு நின்றிருந்தார். நேற்றைய புள்ளி சிறிது நகர்ந்திருந்தது.