கறுத்ததும் சிவந்ததும்

மணத்தக்காளிக் கீரைக் கட்டைப் பிரிக்கும்போது பழத்தைக் கவனியுங்கள். ஒரு கட்டில் கறுப்பு மணிகள் இருக்கும், இன்னொன்றில் ஆரஞ்சுச் சிவப்பு. கீரைக்காரம்மாவுக்கு இரண்டும் மணத்தக்காளிதான். கொங்குப் பக்கம் சுக்குட்டிக் கீரை என்பார்கள். சிவப்புப் பழம் இன்னும் கொஞ்சம் பழுத்தால் கறுத்துவிடும் என்று நெடுநாள் நானும் நம்பியிருந்தேன். கறுக்காது. அது வேறு இனம்.

கறுப்பு, சொலானம் அமெரிக்கானம். சிவப்பு, சொலானம் வில்லோசம். இரண்டும் கத்தரிக்கும் உருளைக்கும் தக்காளிக்கும் பங்காளிகள். லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தைப் பராமரித்த பிலிப் மில்லர்தான் 1768இல் இரண்டுக்கும் இந்தப் பெயர்களை வைத்தார்.

பூக்காம்பைத் திருப்பிப் பாருங்கள். அமெரிக்கானத்தில் பூக்கள் குடைக்கம்பிகள்போல ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். பழம் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும், அதன் அடியிலுள்ள பச்சைப் புல்லி வெளிப்பக்கமாக மடங்கியிருக்கும். வில்லோசத்தின் பழம் சற்றே நீண்டது. தோல் மெல்லியது, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே விதைகள் தெரியும். கறுப்புக்கு நிறம் தருவது நாவற்பழத்தில் இருக்கும் ஆந்தோசயனின். சிவப்புக்குக் கேரட்டின் கரோட்டினாய்டு.

இவற்றின் குரோமோசோம் கணக்குதான் எனக்குப் பிடித்த பகுதி. அமெரிக்கானத்துக்கு 24, வில்லோசத்துக்கு 48. கலப்பில் ஒவ்வொன்றும் பாதியைத் தரும்: 12ம் 24ம் சேர்ந்தால் 36. அப்படிப் பிறக்கும் செடியில் குரோமோசோம்கள் சரியாக ஜோடி சேராததால் விதை பிடிக்காது. ஆனால் 36ம் இரட்டித்து 72 ஆகிவிட்டால் ஜோடி கிடைத்துவிடும், செடி தழைக்கும். சொலானம் நைக்ரம் என்ற மூன்றாவது இனத்துக்கு 72 குரோமோசோம். அதன் பெற்றோர் இந்த இரண்டும்தான் என்பது தாவரவியலாளர்களின் கருத்து. நம் பழைய புத்தகங்களோ மூன்றையும் நைக்ரம் என்றே எழுதிவைத்தன. குழந்தையின் பெயரைச் சொல்லித் தாய் தகப்பனைக் கூப்பிட்ட கதை!

கடைசல், கூட்டு, வத்தக்குழம்பு எதற்கும் அடுப்படி இவற்றைப் பிரிப்பதில்லை, பிரிக்கத் தேவையுமில்லை. ஆனால் மோரில் ஊறி வெயிலில் காய்ந்த வற்றல் வேறு, செடியிலிருந்து கிள்ளிய பச்சைக்காய் வேறு. பழுக்காத காயில் சொலனின் என்னும் நச்சு கூடுதலாக இருக்கும்; வயிற்றைப் புரட்டும். வேலியோரம் குழந்தைகள் பறித்தால், கறுப்போ சிவப்போ, நன்றாகக் கனிந்ததை மட்டும் வாயில் போட விடுங்கள்.