வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்க்கணுமா? 'டைனமிக் டிஎன்எஸ்' பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

யீஷூன் வீட்டில் பாட்டி பகலில் தனியாக இருக்கிறார். வரவேற்பறையில் கேமரா மாட்டியாச்சு. வீட்டு வைஃபையில் கைத்தொலைபேசியைத் திறந்தால் படம் பளிச்சென்று தெரிகிறது.

மறுநாள் வேலையிடத்திலிருந்து பார்த்தால்... ஒன்றும் இல்லை. வெறும் கறுப்புத் திரை.

கேமரா கெட்டுப்போகவில்லை. உங்கள் கைத்தொலைபேசிக்கு வீடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இப்போது கடைகளில் விற்கப்படும் பெரும்பாலான கேமராக்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும், தயாரிப்பு நிறுவனத்தின் சர்வர் வழியாகக் காணொளி வந்துவிடும். ஆனால் அதற்கு மாதச் சந்தா கேட்கலாம். வீட்டுக்குள் எடுத்த படம் யாரோ ஒருவருடைய சர்வர் வழியாகப் போவதும் சிலருக்குப் பிடிக்காது. பழைய கேமராவோ சொந்தமாகப் பதிவுக் கருவியோ வைத்திருப்பவர்களுக்கும் வேறு வழி தேவை. இந்தக் கட்டுரை அவர்களுக்கு.

வீட்டு முகவரி ஏன் மாறுகிறது?

இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. அதுதான் ஐபி முகவரி. பழைய முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 4.3 பில்லியன் எண்கள்தான். உலகத்துக்கு அது பத்தாது. அதனால் இணையச் சேவை நிறுவனங்கள் வீடுகளுக்கு எண்ணை நிரந்தரமாகத் தருவதில்லை, கடன் கொடுப்பதுபோல் கொடுக்கின்றன. ரூட்டரை அணைத்துப் போட்டால் எண் மாறலாம். சில நேரம் காரணமே இல்லாமலும் மாறும்.

அடிக்கடி சிம் அட்டையை மாற்றும் நண்பர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். புது எண் வாங்கியதும் அவர் தம் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடுவார். நீங்கள் அம்மாவை அழைத்து, "இப்ப என்ன நம்பர் ஆன்ட்டி?" என்று கேட்டால் போதும். டைனமிக் டிஎன்எஸ் அந்த அம்மாவின் வேலையைத்தான் செய்கிறது.

டக் டிஎன்எஸ், நோ-ஐபி போன்ற சேவைகளில் இலவசமாகவே ஒரு பெயரைப் பதிவு செய்யலாம். உங்கள் ரூட்டரோ கேமராவோ எப்போதும் ஓடும் ஒரு சிறு கணினியோ, எண் மாறும்போதெல்லாம் அந்தச் சேவைக்குத் தகவல் அனுப்பும். நீங்கள் பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

பல ரூட்டர்களில் இதற்கென்றே 'டிடிஎன்எஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். பயனர் பெயரையும் சேவை தரும் டோக்கன் அல்லது மறைச்சொல்லையும் அங்கே போட்டால் வேலை முடிந்தது. டோக்கனைப் படம் பிடித்து நண்பர்கள் குழுவில் போட்டுவிடாதீர்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் பெயரை வேறு எண்ணுக்குத் திருப்பிவிட முடியும்.

எல்லாம் சரியாகச் செய்தும் வரலையா?

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ரூட்டரின் பக்கத்தில் 'வான் ஐபி' என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். பிறகு, "என் ஐபி என்ன" என்று சொல்லும் ஏதாவது ஓர் இணையத்தளத்தில் தெரியும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. ரூட்டரில் உள்ள எண் 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், உங்கள் நிறுவனம் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். புளோக் முழுவதற்கும் ஒரே கடிதப்பெட்டி இருப்பதுபோல. கடிதம் புளோக் வரை வரும், உங்கள் கதவுக்கு வராது. கைத்தொலைபேசிக் கட்டமைப்பு வழியாக வரும் வீட்டு இணையத்தில் இது சகஜம். இந்த நிலையில் டைனமிக் டிஎன்எஸ் தனியாக உதவாது. பொது முகவரி தர முடியுமா என்று நிறுவனத்தைக் கேட்டுப் பாருங்கள்.

எண் 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் வீட்டிலேயே இரண்டு ரூட்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இன்னொரு பொறி: வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சோதித்துப் பார்ப்பது. சில ரூட்டர்கள் உள்ளிருந்து வெளிப் பெயரைத் தேடினால் குழம்பிவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் வராது. வைஃபையை அணைத்து, கைத்தொலைபேசியின் தரவுச் சேவையில் சோதியுங்கள்.

கதவைத் திறந்து வைக்கலாமா?

பெயர் கிடைத்தாச்சு. வீட்டு வாசல் வரை வந்தாச்சு. உள்ளே கேமரா வரை எப்படிப் போவது?

இணையத்தில் பல வழிகாட்டிகள் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்யச் சொல்லும். அதாவது, வெளியிலிருந்து வருபவர்களை ரூட்டர் நேராகக் கேமராவுக்கு அனுப்பும். வேலை செய்யும். ஆனால் நீங்கள் மட்டும் அல்ல, உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தக் கதவைத் தட்டலாம்.

"என் பெயர் யாருக்குத் தெரியப்போகுது?" என்று நினைக்க வேண்டாம். தாக்குபவருக்குப் பெயரே தேவையில்லை. ஐபிவி4 எண்கள் அனைத்தையும் ஒரே கணினியால் 45 நிமிடத்துக்குள் வருடிவிட முடியும் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

2016-இல் பரவிய 'மிராய்' எனும் தீநிரல் இப்படித்தான் வேலை செய்தது. தொழிற்சாலையில் வைத்த மறைச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் தேடிப் பிடித்து ஒரு படையாகத் திரட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அந்தப் படை தாக்கியது 'டின்' என்ற நிறுவனத்தை. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை எல்லாம் சில மணி நேரம் தடுமாறின. டின் யார் தெரியுமா? டைனமிக் டிஎன்எஸ் சேவையால் பெயர் பெற்ற நிறுவனம்தான்!

நமக்கு இன்னும் நெருக்கமான சம்பவமும் உண்டு. 2020 அக்டோபரில், சிங்கப்பூர் வீடுகளின் கேமராக்களிலிருந்து திருடப்பட்ட காணொளிகள் ஆபாச இணையத்தளங்களில் வெளியானது தெரியவந்தது. படுக்கையறையில் இருந்தவர்கள், பிள்ளைகள் என்று சாதாரணக் குடும்பங்கள் அவற்றில் இருந்தன.

அப்போ என்னதான் செய்வது?

கேமராவுக்குக் கதவு திறக்காமல், ரூட்டரில் 'விபிஎன்' சர்வர் ஒன்றை இயக்குங்கள். வயர்கார்டு, ஓபன்விபிஎன் இரண்டில் ஒன்று பல ரூட்டர்களில் ஏற்கனவே இருக்கும். டைனமிக் டிஎன்எஸ் பெயரை அந்த விபிஎன்-க்கு முகவரியாகக் கொடுங்கள். கைத்தொலைபேசியில் விபிஎன்-ஐத் தட்டினால், எங்கிருந்தாலும் வீட்டு வைஃபையில் இருப்பதுபோல்தான். சாவி உங்கள் கைத்தொலைபேசியில் மட்டுமே இருக்கும். வயர்கார்டு, சாவி இல்லாமல் தட்டுபவருக்குப் பதிலே சொல்லாது. வீட்டில் ஆள் இல்லாததுபோல் இருந்துவிடும்.

பொது முகவரி கிடைக்காதவர்களுக்கு 'டெயில்ஸ்கேல்' போன்ற சேவைகள் உண்டு. அவற்றுக்கு டைனமிக் டிஎன்எஸ்-உம் வேண்டாம், போர்ட்டும் வேண்டாம். உண்மையைச் சொன்னால், புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே சுலபம்.

அதோடு கேமராவின் மறைச்சொல்லை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள், ரூட்டரில் 'யூபிஎன்பி'யை அணையுங்கள். அது இயங்கினால் கேமரா உங்களைக் கேட்காமலேயே தனக்குக் கதவைத் திறந்துகொள்ளும். கேமராவின் உள்முகவரியையும் ரூட்டரில் நிலையாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மின்தடைக்குப் பிறகு அதுவும் இடம் மாறிவிடும். புதுக் கேமரா வாங்குவோர், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் நான்கு நிலை முத்திரை பெட்டியில் உள்ளதா என்று பார்க்கலாம்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் கேமரா எங்கே உள்ளது என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் தூங்கும், உடை மாற்றும் இடங்களிலும் குளியலறையிலும் வைக்கக்கூடாது என்கிறது மனிதவள அமைச்சு. பாட்டியிடமும் கேளுங்கள். வரவேற்பறை சரி, படுக்கையறை வேண்டாம் என்பார். அவர் சொன்ன இடத்திலேயே வையுங்கள்.

கடைசியாக ஒன்று. நோ-ஐபியின் இலவசப் பெயரை 30 நாளுக்கு ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும். நினைவூட்டும் மின்னஞ்சல் குப்பை மடலில் விழுந்துவிட்டால் பெயர் போய்விடும், மறுபடியும் கறுப்புத் திரைதான். கைத்தொலைபேசி நாள்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்.