ஒரு புள்ளி முன்னேற்றம்: அரிய நரம்பு நோயில் சிகிச்சையின் பலனை அளப்பது எப்படி?

ரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்பவருக்கு அது பலனளிக்கிறதா என்பதை ஒரு கருவி காட்டும் எண் சொல்லிவிடுகிறது. ஆனால் நரம்புகளைத் தாக்கும் சில அரிய நோய்களில் அத்தகைய எளிய எண் கிடையாது. நோயாளியால் சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, ஊன்றுகோல் இன்றி வெளியே நடக்க முடிகிறதா என்பன போன்ற கேள்விகளைக் கொண்டே அங்கு மருந்தின் பலன் மதிப்பிடப்படுகிறது.

சிஐடிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாள்பட்ட நரம்பு அழற்சி நோய் இதற்கு ஓர் உதாரணம். ஒரு லட்சம் பேரில் ஒரு சிலருக்கே வரும் இந்நோயில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே, கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறையைத் தாக்குகிறது. இதனால் நரம்புகளின் வழியே செல்லும் சமிக்ஞைகள் தடைபடுகின்றன. இரண்டு மாதங்களோ அதற்கு மேலோ நீடிக்கும் காலத்தில் கை கால்கள் படிப்படியாக வலுவிழந்து மரத்துப்போகின்றன.

நரம்பில் சமிக்ஞை செல்லும் வேகத்தை அளக்கும் மின் பரிசோதனை நோயைக் கண்டறிய உதவுகிறது. ஆனால் அந்த வேகத்தில் ஏற்படும் மாற்றமும், நோயாளியின் அன்றாட வாழ்வில் ஏற்படும் மாற்றமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

பத்துப் புள்ளி அளவுகோல்

இந்த இடைவெளியை நிரப்பவே இன்கேட் என்ற அளவுகோல் பயன்படுத்தப்படுகிறது. இதில் கைகளுக்கு 5, கால்களுக்கு 5 என மொத்தம் 10 புள்ளிகள். பூஜ்யம் என்றால் பாதிப்பு இல்லை. வெளியே செல்ல ஒரு ஊன்றுகோல் தேவைப்பட்டால் கால்களுக்கு 2 புள்ளிகள். எழுந்து நிற்கவே முடியாமல் சக்கர நாற்காலியிலேயே இருக்க நேர்ந்தால் 5 புள்ளிகள்.

2008ல் வெளியான ஐஸ் என்ற ஆய்வு இந்த அளவுகோலையே நம்பியிருந்தது. இதில் 117 நோயாளிகள் பங்கேற்றனர். நரம்பு வழியாக அல்லாமல் ரத்த நாளத்தின் வழியே இமியூனோகுளோபுலின் செலுத்தப்பட்டவர்களில் 54 சதவீதத்தினர் குறைந்தது ஒரு புள்ளி முன்னேறினர். போலி மருந்து பெற்றவர்களிலும் 21 சதவீதத்தினர் அதே அளவு முன்னேறினர். இந்நோய் சிலருக்குத் தானாகவே ஏறி இறங்கக்கூடியது என்பதால், ஒருவர் தேறியதை மட்டும் வைத்து அது மருந்தின் பலன்தான் என்று கூறிவிட முடியாது. இரு பிரிவினருக்கும் இடையிலான வித்தியாசமே சான்றாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்தை இந்நோய்க்கு அனுமதித்தது.

அளவுகோலின் குறைகள்

ஆனால் இந்த அளவுகோலின் படிகள் பெரியவை. தலைவாருதல், பொத்தான் போடுதல், கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்துப் பயன்படுத்துதல், சிறு நாணயங்களைக் கையாளுதல் ஆகிய நான்கில் ஒன்றோ இரண்டோ இயலாமற்போனால் கைகளுக்கு 3 புள்ளிகள். இழந்த இரண்டில் ஒன்றை மீண்டும் பெற்றவருக்கும் அதே 3 புள்ளிகள்தான். அவருக்கு அது பெரிய மாற்றம். அளவுகோலுக்கோ அது மாற்றமே அல்ல.

மேலும், கையால் உணவருந்தும் சமூகங்களில் முள்கரண்டி பற்றிய கேள்விக்கு அதிகப் பொருள் இல்லை. ஓர் அளவுகோல் பிறந்த இடத்தின் வாழ்க்கை முறை, அதன் கேள்விகளிலும் படிந்துவிடுகிறது.

இக்குறைகளைக் களைய, 2011ல் நெதர்லாந்து ஆய்வாளர்களின் முயற்சியில் ஐ-ராட்ஸ் என்ற கேள்விப் பட்டியல் வெளியானது. டென்மார்க் கணிதவியலாளர் ஜார்ஜ் ராஷ் வகுத்த முறையில், செய்தித்தாள் வாசிப்பது போன்ற எளிதான செயலிலிருந்து ஓடுவது போன்ற கடினமான செயல் வரை 24 செயல்கள் இதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. பதில் அளிப்பவர் நோயாளியே. இதனுடன், கையின் பிடிவலுவைக் கருவியால் அளப்பதும் வழக்கத்தில் உள்ளது.

இந்த எண்கள் ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. இமியூனோகுளோபுலின், தானமாகப் பெறப்படும் மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து தயாரிக்கப்படுகிறது. விலையும் அதிகம், கிடைக்கும் அளவும் வரம்புக்குட்பட்டது. ஆகவே சிகிச்சையைத் தொடர்வதா, குறைப்பதா, நிறுத்துவதா என்ற முடிவு பெருமளவு இந்த அளவீடுகளைச் சார்ந்திருக்கிறது.

பலன் இல்லாத மருந்தை ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் தவறு. பலன் இருந்தும் அளவுகோலில் தெரியவில்லை என்பதற்காக நிறுத்துவதும் தவறு. இவ்விரண்டையும் தவிர்க்க, சிகிச்சை தொடங்கும் முன்பே நோயாளியின் நிலையை ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல்களால் பதிவு செய்துவைப்பது அவசியமாகிறது. தொடக்கத்தில் அளக்கப்படாத ஒன்று கூடியதா குறைந்ததா என்பதைப் பின்னர் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.