வாய் தப்பிக் கொளுவிய மீன்

ஒருவன் ஆற்றிலே தூண்டில் வீசுகின்றான். மீன் இரையை வாயாற் கௌவ வேண்டும் என்பதே அவன் எண்ணம். ஆனால், இழுத்தெடுத்துப் பார்க்கும்போது கொளுக்கி வாயில் இல்லை. முதுகுச் செட்டையிலே ஏறியிருக்கின்றது. அவன் அதனை வேண்டிச் செய்யவில்லை. மீனோ கரைக்கு வந்துவிட்டது. உண்ணத் தக்க மீன். ஒருநாளைக்குப் பிடிக்கலாம் என்று விதித்த தொகைக்கும் உட்பட்டது. அம்மீனை அவன் வீட்டுக்குக் கொண்டு செல்லலாமா?

"கொண்டு செல்லட்டுமே, அதில் என்ன குற்றம்?" என்றே நம்மிற் பலர் விடையிறுப்பர். வட அமெரிக்காவின் பசிபிக் கரையை அடுத்த ஆறுகளிலும் இங்கிலாந்தின் ஆறுகளிலும் சட்டம் அவ்வாறு விடையிறுப்பதில்லை. 'உடனே நீரில் விட்டுவிடு' என்பதே அதன் கட்டளை. இவ்விதியின் நியாயம் யாது, அதற்கு விலக்கு எங்கே, அது எட்டாத இடம் எது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

சைவ நெறி போற்றும் கல்லூரியொன்றின் மலரிலே மீன்பிடியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வினவக்கூடும். கொல்லாமையின் உயர்வில் எனக்கு ஐயமில்லை. எனினும், கொல்லும் செயலுக்குள்ளேயும் மனிதர் தமக்குத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொண்டார்கள் என்றால், அவ்வெல்லையை எங்கே, எதற்காக வகுத்தார்கள் என்று அறிவது அறநூல் கற்பார்க்குப் பயனில்லாத முயற்சியாகாது.

முதலில் மீனைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம்மூர்க் கடைகளிலே ரின்னில் அடைத்த மீன் எதனையும் 'சமன்' என்று வழங்கிப் பழகிவிட்டோம். அப்பெயருக்கு உரிய மீன் வட கடல்களில் வாழ்வது. பசிபிக் சமன்கள் ஆற்றிலே பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடும் பருவத்திலே தாம் பிறந்த ஆற்றையே நாடி மீளுகின்றன. ஆற்றுட் புகுந்தபின் அவை இரை தேடுவதில்லை. உடலிற் சேர்த்துவைத்த கொழுப்பையே செலவிட்டு, ஓட்டத்தை எதிர்த்து மேலேறி, முட்டையிட்டபின் இறந்துபடுகின்றன. அலாஸ்கா மாநிலத்தின் கீனாய்க் குடாநாட்டிலே, ருஷ்யன் ஆறு கீனாய் ஆற்றோடு கலக்கும் இடத்தில், யூன் முதல் ஓகஸ்ட் வரை 'சொக்கை' என்னும் செந்நிறச் சமன்கள் திரள் திரளாக ஏறுகின்றன. அவற்றைப் பிடிக்க வருவோரும் கரையோரத்திலே தோளோடு தோள் உரச நிற்கின்றனர்.

மீன் இவ்வாறு நெருங்கிய நீரில் வாய் தப்பிக் கொளுவுதல் அரிய நிகழ்ச்சியன்று. ஓட்டத்திற்குக் குறுக்கே செல்லும் தங்கூசி மீனின் உடலிலே முட்டுகின்றது. வீசியவன் மீன் இரையைக் கடித்ததென எண்ணிச் சுண்டுகின்றான். தங்கூசி வழுக்கிச் செல்ல, கொளுக்கி செட்டையிலோ வயிற்றிலோ வாலிலோ ஏறிவிடுகின்றது. வாயிற் கொளுவிய மீனின் தலையை இழுப்பவன் தன் பக்கம் திருப்பலாம். முதுகிலோ வாலிலோ கொளுவிய மீனின் தலை அவன் வசப்படுவதில்லை. ஆதலின் சிறு மீனும் பெருமீன்போல இழுக்கும். வாலைப் பற்றிப் பின்னோக்கி இழுக்கப்படும் மீனின் செவுளினூடே நீர் செவ்வனே ஓடாது. அது விரைவிற் களைத்துவிடும்.

இனிச் சட்டங்களை நோக்குவாம். அலாஸ்காவின் நன்னீர்களிலே வாய்க்குப் புறம்பாக மீனை வேண்டுமென்றே கொளுவுதல் தடுக்கப்பட்டுள்ளது. அறியாமற் கொளுவிய மீனையும் உடனே விட்டுவிட வேண்டும். கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்து நன்னீர் விதிகளும், வேண்டுமென்று கொளுவினும் தற்செயலாகக் கொளுவினும் மீனை உடனே விடுக்குமாறு பணிக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும், மீனை உடலிற் குத்தியிழுப்பதற்கான கருவிகளை 1975ஆம் ஆண்டின் சமன், நன்னீர் மீன்பிடிச் சட்டம் விலக்குகின்றது. வாயிலோ தொண்டையிலோ அன்றி வேறிடத்திற் கொளுவிய நன்னீர் மீன் நீருக்கே திரும்ப வேண்டும் என்பது அங்குள்ள துணைவிதி.

சட்டம் கருவியையும் அளந்து வைக்கின்றது. அலாஸ்காவின் நன்னீர்களிலே பன்முனைக் கொளுக்கி பயன்படுத்துவோர், அதன் முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி அரை அங்குலத்திற்கு மேற்படாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். ருஷ்யன் ஆற்றில், செயற்கை ஈயைக் கட்டி வீசுவதற்கென ஒதுக்கிய பகுதியிலோ, ஒற்றைக் கொளுக்கிக்கு மாத்திரமே இடமுண்டு. அதன் இடைவெளியும் 3/8 அங்குலத்துள் அடங்கவேண்டும். ஈயக்குண்டு கட்டுவதாயின் கொளுக்கியிலிருந்து 18 அங்குலமேனும் தள்ளிக் கட்டவேண்டும். பெருங்கொளுக்கியும் அதனை ஒட்டிய கனத்த ஈயமும் சேர்ந்தால், அது இரை காட்டும் தூண்டிலாக இராது. நீருக்குள் வீசி இழுக்கும் துறட்டியாகிவிடும். அதனாலேயே இவ்வளவு நுணுக்கமான அளவுகள்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. ஒரு செயலை மதிப்பிடும்போது எண்ணத்தை நோக்குவதே முறைமை. கைதவறிக் கல் விழுந்து ஒருவன் காயப்பட்டதையும், குறிபார்த்துக் கல்லெறிந்து காயப்படுத்தியதையும் எந்த நீதிமன்றமும் ஒன்றாகக் கருதாது. அவ்வாறாயின், மீன் விடயத்தில் மாத்திரம் குற்றமற்ற எண்ணமுடையவனும் ஏன் தன் மீனை இழக்கவேண்டும்?

விடை இதுவே: கரையில் நிற்கும் காவலர் கொளுக்கி ஏறிய இடத்தைக் காண்பர், வீசியவனின் நெஞ்சைக் காணார். 'தற்செயலாக நடந்தது' என்று சொல்வது எவர்க்கும் எளிது. தற்செயலாகக் கொளுவிய மீனை வைத்துக்கொள்ளலாம் என்று விதித்துவிட்டால், அந்த ஆற்றிலே தற்செயல்கள் நாளுக்குநாள் பெருகும். முதலிற் சற்றே வலிந்து சுண்டுவான். பின்னர் ஈயத்தைச் சற்றே கூட்டுவான். ஒவ்வொரு முறையும் தன் நெஞ்சுக்குத் தானே ஒரு சமாதானம் கூறிக்கொள்வான். தற்செயலால் வரும் ஆதாயத்தை நீக்கிவிட்டால், தற்செயலை உண்டாக்கிக்கொள்ளும் ஆசையும் நீங்குகின்றது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறியாமற் கொளுவியவனைச் சட்டம் தண்டிக்கவில்லை. அவன்மீது பழி சுமத்தவுமில்லை. அவனுக்குரியதல்லாத ஒரு பேற்றை மட்டுமே மறுக்கின்றது. வேண்டுமென்று கொளுவியவனுக்கும் கொளுவியதை ஒளித்துக் கொண்டு செல்பவனுக்குமே தண்டம்.

விதிக்கு அடியிலே இன்னொரு கருத்தும் கிடக்கின்றது. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றின் சட்டங்கள் இக்குற்றத்திற்கு இலக்கணம் கூறும்போது, மீன் தானே விரும்பி வாயில் ஏற்காதவாறு அதனைக் கொளுவுதல் என்று கூறுகின்றன. திருவள்ளுவரும் சூதின் கேட்டை விளக்கும் அதிகாரத்திலே தூண்டிலை விழுங்கிய மீனையே உவமை காட்டினார். தூண்டிற்பட்ட மீன் தன் ஆசையாற் பட்டது. ஏமாறாமல் விலகிச் செல்லவும் அதற்கு இடமிருந்தது. முதுகிலே கொளுக்கி ஏறிய மீனுக்கு அந்த இடம் இருக்கவில்லை. தூண்டில் விளையாட்டு என்பதை நியாயப்படுத்துவோர் பலர் இந்தச் சிறு வாய்ப்பைச் சான்றாகக் காட்டுகின்றனர். அது நீங்கினால் விளையாட்டு என்ற பெயரும் நீங்கிவிடுகின்றது.

"முட்டையிட்டபின் எப்படியும் இறக்கும் மீன்தானே, எங்கே கொளுவினால் என்ன?" என்று கேட்போர் உளர். இக்கேள்விக்கு வரலாறே ஒரு விடை தந்திருக்கின்றது. 1966ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தார் பசிபிக் சமனின் ஓரினமாகிய கோஹோவின் குஞ்சுகளைப் பேரேரிகளைச் சேரும் ஆறுகளிலே விட்டனர். அவை வளர்ந்து பெருகி ஆறேறத் தொடங்கியபோது, இறக்கப்போகும் மீன் வீணாகலாகாது என்று கருதிச் சில இடங்களிலே கொளுவியிழுத்துப் பிடிக்கவும் அனுமதித்தனர். நியூயோர்க் மாநிலத்திலே சமனின் பெயரையே கொண்ட ஆற்றிலும் அவ்வாறே அனுமதி இருந்தது. நாளடைவில் அம்முறை தூண்டிற்காரரிடையிலேயே பெரும் வெறுப்புக்குள்ளாயிற்று. 1990களில் இரு மாநிலங்களும் அதனை ஒழித்தன.

எனினும், எதிர்வாதம் முற்றும் வலுவற்றதன்று. கொளுக்கி செட்டையின் ஓரத்தில் ஏறியிருந்தால் காயம் சிறிது, மீன் பிழைக்கும். செவுளைக் கிழித்திருந்தால் இரத்தம் பெருகும். அம்மீன் பிழைப்பது அரிது. சாகப்போகும் மீனையும் நீரில் விடுவது உணவை வீணாக்குவதாகாதா? இக்கேள்வி நேர்மையான தூண்டிற்காரனின் நெஞ்சை உறுத்துவது இயல்பே. ஆயினும் விதியிலே இதற்கு விலக்குச் செய்தால், 'செத்துக்கொண்டிருந்தது' என்பது 'தற்செயலாக நடந்தது' என்பதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அன்றியும் ஆற்றிலே சமனின் உடல் வீணாவதில்லை. கரடியும் கழுகும் கடற்பறவையும் அதனை உண்ணுகின்றன. எஞ்சியதைப் புழுபூச்சிகள் உண்ண, அவற்றைப் பின்னர்ப் பிறக்கும் சமன் குஞ்சுகள் உண்ணுகின்றன. கடலிலிருந்து வந்த சத்து கரையோர மரங்களையும் சென்றடைகின்றது. அம்மீன் அவனுடைய சட்டிக்கு வரவில்லை என்பதனால் அது எவருக்கும் உதவவில்லை என்று கொள்ளலாகாது.

விடுதல் என்பதும் வெறுமனே தூக்கி எறிதலன்று. மீனை நீரைவிட்டு எடுக்காமல், நனைத்த கையாற் பற்றி, கொளுக்கியை மெல்லக் கழற்ற வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பான படையை உரித்துவிடும். கொளுக்கி ஆழமாக ஏறியிருந்தால் தங்கூசியை அறுத்துவிடுவதே மேல். எதிர்முள் இல்லாத கொளுக்கியாயின் வேலை எளிது. களைத்த மீனைத் தலை ஓட்டத்தை எதிர்நோக்குமாறு தாங்கிப் பிடித்து, அது தானே நீந்திச் செல்லும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

இவ்விதிக்கு விலக்கான இடங்களும் உண்டு. அலாஸ்காவின் கடல்நீரிற் பல இடங்களிலே கொளுவியிழுத்தல் அனுமதிக்கப்பட்டுள்ளது. ஹோமர் என்னும் ஊரிலே, கடலுக்குள் நீண்ட மணற்றிட்டில் அமைத்த மீன்பிடிக் குட்டைக்கு, குஞ்சுகளாக விடப்பட்ட சமன்கள் வளர்ந்து மீளுகின்றன. முட்டையிடுவதற்கு அங்கே ஆறில்லை. ஆதலின் வரவு முடியும் தறுவாயில், எஞ்சிய மீன் வீணாகாதிருக்க, கொளுவியிழுக்க மீன்வளத் திணைக்களத்தார் அனுமதி அளிப்பதுண்டு. மேலும், அலாஸ்காவில் வாழ்வோர் தம் வீட்டுணவுக்காகக் கீனாய் ஆற்றின் வாயிலே கைவலையால் மீன் வாரவும் சட்டம் இடமளிக்கின்றது. வலைக்கு வாயும் வாலும் ஒன்றே. எனவே, இவ்விதி எல்லா மீன்பிடிக்கும் உரிய பொது அறமன்று என்பது புலனாகின்றது. தூண்டிலாற் பிடிப்பேன் என்று உரிமைச்சீட்டுப் பெற்று ஆற்றங்கரைக்கு வந்தவனை, அவன் ஏற்றுக்கொண்ட முறைக்கே கட்டுப்படுத்துவது இவ்விதி.

இறுதியாக, விதி எட்டாத இடத்தைக் கூறவேண்டும். சொக்கைச் சமன் கடலிலும் நுண்ணுயிர்களையே பெரிதும் உண்பது. ஆற்றிலோ இரையை அது அரிதாகவே கௌவும். ஆயினும் ஆயிரக்கணக்கானோர் அதனை வாயிற் கொளுவியே பிடிக்கின்றனர். எவ்வாறு? மீன் நீரோட்டத்தை எதிர்த்து வாயைத் திறந்து திறந்து மூடியவண்ணம் நிற்கும். நீண்ட தங்கூசி அதன் திறந்த வாய்க்குக் குறுக்கே செல்லுமாறு வீசினால், தங்கூசி வாயினூடே வழுக்கிச் சென்று, கொளுக்கி வாயின் ஓரத்தில் வெளிப்புறமிருந்து ஏறுகின்றது. மீன் எதனையும் கௌவவில்லை, எதற்கும் ஆசைப்படவுமில்லை. ஆனாற் கொளுக்கி இருப்பதோ வாயிலே. காவலர் பார்த்தால் விதிக்கு அமைந்த மீனே. இதனைத் திறமை என்பாரும், சட்டத்தின் மறைவில் நின்று கொளுவியிழுத்தல் என்பாரும் உளர். பிரித்தானிய கொலம்பியாவின் பிறேசர் ஆற்றங்கரையிலே இவ்வழக்கு நெடுங்காலமாக நடந்துவருகின்றது. கொளுக்கி ஏறிய இடத்தைக் கொண்டு எண்ணத்தை அளக்கப் புகுந்த சட்டம் இங்கே திகைத்து நிற்கின்றது. இதற்கப்பால் அளக்கவேண்டியவன் தூண்டிலைப் பிடித்தவனே.

நம் கல்லூரி மைதானத்திலே கிரிக்கெட் ஆடிய பழைய மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. தாழ்ந்து வந்த பந்தை விழுந்து பிடித்தவனுக்கே அது நிலத்தைத் தொட்டுக் கைக்கு வந்ததா அன்றா என்பது முதலில் தெரியும். நடுவர் தொலைவில் நிற்பார், தோழர் ஆரவாரிப்பர். அந்நேரத்தில் அவன் கையை உயர்த்துவதும் தலையை அசைப்பதும் ஓட்டங்களின் கணக்கை மட்டும் மாற்றுவன அல்ல. வேண்டாமலே கைக்கு வந்த ஒன்றை, எனக்குரியதன்று என்று கூறித் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் ஒருவனிடத்தில் உண்டா என்பதையும் அவை காட்டிவிடுகின்றன.

மாணவர்களே, வாழ்க்கையிலே வாய் தப்பிக் கொளுவிய மீன்கள் பல உங்கள் கைக்கு வரும். கடைக்காரர் கணக்குத் தவறி மிகுதியாகத் தந்த காசு அவற்றுள் ஒன்று. ஆசிரியர் கூட்டுத்தொகை பிழைத்து இட்ட புள்ளி இன்னொன்று. அவற்றை நீங்கள் நாடிச் செல்லவில்லை. ஆதலின் உங்கள்மீது குற்றமில்லை. குற்றமின்மை உரிமையாகிவிடாது என்பதே அந்த ஆற்றங்கரை விதி கற்பிக்கும் பாடம். கையை நனைத்து, காயம் பெருகாமல், உடனே விட்டுவிடுங்கள்.